கை கழுவச் சொன்னார். அவரையே கை கழுவி விட்டார்கள்!

டயாலிசிஸ் அறைக்குள் நீங்கள் போயிருக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தின் மூலம் சுத்தம் செய்யும் இடம் அது. உங்கள் வீட்டிலேயே ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை அங்கே போய் வரலாம்.

அங்கே சிலருக்குக் கழுத்துப் பக்கம் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். குழாயின் ஒரு முனை வெளியே தெரியும். மறு முனை உள்ளே, இருதயத்தை ஒட்டிய பெரிய ரத்த நாளத்தில் இருக்கும். அந்தக் குழாய் வழியாகத்தான் ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது. சுத்தமாகித் திரும்பி வருகிறது.

நர்ஸ் வருகிறார். வந்தவுடன் குழாயைத் தொடுகிறாரா? இல்லை. முதலில் தம் கைகளைச் சுத்தம் செய்கிறார். கையுறை போட்டுக் கொள்கிறார். தம் வாயையும் மூக்கையும் மூடிக் கொள்கிறார். நோயாளியையும் மூடிக் கொள்ளச் சொல்கிறார். குழாயின் முனையை மருந்து போட்டு நன்றாகத் தேய்த்துத் துடைக்கிறார். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தோடு இணைக்கிறார்.

எதற்காக இத்தனை பக்குவம்?

வீட்டுக்குச் சுவர் எப்படியோ, அப்படி உடம்புக்குத் தோல். கழுத்தில் வைத்த குழாய், அந்தச் சுவரில் வைத்த கதவு. கையில் ஒட்டியிருக்கும் கிருமி அந்தக் கதவு வழியாக நுழைந்தால் நேரே ரத்தத்தில் கலந்து விடும். குளிர் நடுக்கத்தோடு ஜுரம் வரும். கவனிக்காமல் விட்டால் இருதயத்தின் வால்வையும் முதுகெலும்பையும் கூடத் தாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

நோயாளியைத் தொடுமுன் கையைக் கழுவு என்பது இன்று குழந்தைக்கும் தெரிந்த விதி. ஆனால் ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களுக்கே அது தெரியாது. ஓர் இளம் டாக்டர் அதைக் கண்டு சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டாயமாக்கினார். ஆயிரக்கணக்கான தாய்மார்களின் உயிரைக் காப்பாற்ற வழி காட்டினார்.

அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? பைத்தியக்கார ஆஸ்பத்திரி!

எந்த நோயோடு வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அதே போன்ற ரத்த விஷத்தால்தான் அவரும் இறந்தார்.

அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

மளிகைக் கடைக்காரர் மகன்

ஹங்கேரி நாட்டில் டான்யூப் என்ற பெரிய நதி ஓடுகிறது. அதன் ஒரு கரையில் புடா நகரம். எதிர்க் கரையில் பெஸ்ட் நகரம். 1873-ம் ஆண்டில் இவை ஒன்று சேர்ந்து புடாபெஸ்ட் ஆயின. அதற்கு வெகு நாட்களுக்கு முன், 1818-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி, புடா நகரில் டாபான் என்ற பேட்டையில் செம்மல்வைஸ் பிறந்தார்.

தந்தை மளிகை வியாபாரி. வசதியான குடும்பம். பத்துக் குழந்தைகள். அவர்களில் செம்மல்வைஸ் ஐந்தாவது.

1837-ல் அவர் சட்டம் படிக்க வியன்னா நகருக்குப் போனார். அப்போது ஹங்கேரி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அந்தப் பேரரசின் தலைநகரம்தான் வியன்னா. ஆனால் சட்டப் புத்தகத்தில் அவருடைய மனம் நிலைக்கவில்லை. மறு ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறிவிட்டார்.

1844-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்திலும் தேர்ச்சி பெற்றார். 1846-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி வியன்னா பொது ஆஸ்பத்திரியில், பேராசிரியர் கிளைன் என்பவருக்கு உதவி டாக்டராக வேலைக்குச் சேர்ந்தார். அன்று அவருக்கு 28-வது பிறந்த நாள். பிரசவ வார்டில் வேலை.

இரண்டு வார்டுகள்

அந்தக் காலத்தில் வசதி உள்ள வீட்டுப் பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏழைகள். அவர்களுக்குக் காசில்லாமல் பிரசவம் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக, வைத்தியம் பயிலுகிறவர்களுக்குப் பாடம் நடத்த அந்தப் பெண்கள் சம்மதிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் வார்டில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். ஒரு நாள் வருகிறவர்களை முதல் வார்டிலும், மறு நாள் வருகிறவர்களை இரண்டாம் வார்டிலுமாக மாறி மாறிச் சேர்த்துக் கொண்டார்கள்.

இதில்தான் ஒரு பயங்கரம் இருந்தது. பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் தாய்க்கு ஜுரம் வரும். வயிறு வீங்கும். வலி தாங்காமல் துடிப்பாள். சில நாளில் இறந்து போவாள். பல சமயங்களில் பிறந்த குழந்தையும் கூடவே போய்விடும். இதற்குப் பிரசவ ஜுரம் என்று பெயர்.

இரண்டு வார்டுகளிலும் இந்த ஜுரம் இருந்தது. ஆனால் ஒரே அளவில் இல்லை.

1846-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். முதல் வார்டில் 4,010 பிரசவங்கள்; இறந்த தாய்மார்கள் 459 பேர். அதாவது 100-க்கு 11 பேருக்கு மேல். இரண்டாம் வார்டில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர். 100-க்கு 3 பேர் கூட இல்லை.

படித்த டாக்டர்கள் பார்க்கும் வார்டில் சாவு அதிகம். மருத்துவச்சிகள் பார்க்கும் வார்டில் சாவு குறைவு!

இது ஊருக்கே தெரிந்திருந்தது. தங்களுக்கு முதல் வார்டு என்று தெரிந்ததும் பெண்கள் கதறினார்கள். மண்டியிட்டு, கையைக் கூப்பி, வேண்டாம் என்று கெஞ்சினார்கள். செம்மல்வைஸ் அதைத் தம் கண்ணால் பார்த்தார்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்டு வந்து சேருகிற பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஜுரம் அதிகம் வருவதில்லை. டாக்டர் தொடாத பெண் பிழைக்கிறாள். டாக்டர் தொட்ட பெண் சாகிறாள். இது என்ன நியாயம்?

செம்மல்வைஸுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

மணியோசையா காரணம்?

மற்ற டாக்டர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். காற்றில் விஷம் கலந்திருக்கிறது என்றார்கள். செம்மல்வைஸ் யோசித்தார். இரண்டு வார்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே காற்றுத்தான் இரண்டிலும் வீசுகிறது. பிறகு எப்படி ஒன்றில் மட்டும் விஷம் இருக்கும்?

கூட்ட நெரிசல் என்றார்கள். ஆனால் முதல் வார்டுக்குப் பயந்து பெண்கள் இரண்டாம் வார்டுக்கே ஓடினார்கள். ஆகவே நெரிசல் இரண்டாம் வார்டில்தான் அதிகம்.

சாகும் நிலையில் இருப்பவர்களுக்குப் பிரார்த்தனை செய்யப் பாதிரியார் வருவார். அவருக்கு முன்னால் ஒருவர் மணி அடித்துக் கொண்டு போவார். அந்த மணியோசை கேட்டுப் பயந்து தாய்மார்கள் நோயில் விழுகிறார்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. செம்மல்வைஸ் அதையும் விடவில்லை. பாதிரியாரை மணி இல்லாமல், வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை.

இரண்டாம் வார்டில் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். முதல் வார்டில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். அதையும் மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை.

ஒவ்வொரு காரணத்தையும் எடுத்தார், சோதித்தார், அடித்துப் போட்டார். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நண்பர் இறந்தார், உண்மை பிறந்தது

மனம் சோர்ந்திருந்த செம்மல்வைஸ் 1847-ம் ஆண்டின் தொடக்கத்தில் நண்பர்களோடு வெனிஸ் நகருக்குச் சுற்றுலா போனார். மார்ச் மாதம் திரும்பி வந்தார். வந்ததும் இடி போன்ற செய்தி காத்திருந்தது.

அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்து விட்டார்!

கொலெட்ச்கா பிரேத பரிசோதனைப் பேராசிரியர். ஒரு நாள் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தும்போது, மாணவர் ஒருவரின் கத்தி தவறி அவர் விரலில் பட்டுவிட்டது. சிறிய காயம்தான். ஆனால் ஜுரம் வந்தது. உடம்பெங்கும் பரவியது. மார்ச் 13-ந் தேதி உயிர் போய்விட்டது.

நண்பரின் உடலைப் பரிசோதித்த குறிப்பை செம்மல்வைஸ் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உடம்பு நடுங்கியது. உள் உறுப்புகளில் அதே வீக்கம், அதே சீழ். பிரசவ ஜுரத்தில் இறந்த தாய்மார்களின் உடலில் அவர் தினந்தோறும் பார்த்த அதே அடையாளங்கள்!

கொலெட்ச்கா பிள்ளை பெற்ற பெண் அல்ல. பிறகு எப்படி அதே வியாதி வந்தது? பிணத்தில் இருந்த ஏதோ ஒன்று, கத்தி வழியாக, காயத்தின் வழியாக, அவர் ரத்தத்தில் புகுந்தது. அதுதான் கொன்றது.

அப்படியானால் தாய்மார்களுக்கு?

செம்மல்வைஸின் மூளையில் மின்னல் வெட்டியது. முதல் வார்டு டாக்டர்களும் மாணவர்களும் காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்கள்? பிணங்களை அறுத்துப் பாடம் படிக்கிறார்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டு அலம்பிக் கொள்கிறார்கள். கையில் பிண வாடை போவதில்லை. அந்தக் கையோடு நேரே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். அதே கையால் தாய்மார்களைச் சோதிக்கிறார்கள். பிரசவ நேரத்தில் கருப்பை திறந்த புண் போல இருக்கிறது. அங்கே அந்தக் கை படுகிறது.

மருத்துவச்சிகள் பிணத்தை அறுப்பதில்லை. தெருவில் பிள்ளை பெற்றவளை அந்தக் கை தொடவில்லை. எல்லாக் கணக்கும் சரியாகப் பொருந்தியது.

கொலைகாரன் காற்றிலும் இல்லை, மணியோசையிலும் இல்லை. டாக்டரின் கையில் இருந்தான்!

அந்த டாக்டர்களில் செம்மல்வைஸும் ஒருவர். மற்றவர்களைவிட அதிக அக்கறையோடு, அதிகப் பிணங்களை அறுத்துக் காரணம் தேடியவர். தம் கையாலேயே எத்தனை தாய்மார்களைச் சாகடித்தோம் என்று நினைத்து நினைத்து அவர் மனம் வெந்தது. அந்த எண்ணிக்கை கடவுளுக்குத்தான் தெரியும் என்று பின்னாளில் அவரே தம் புத்தகத்தில் ஒப்புக் கொண்டார்.

பாத்திரம் நிறைய மருந்து நீர்

1847-ம் ஆண்டு மே மாத நடுவில் முதல் வார்டின் வாசலில் ஒரு பாத்திரம் வைக்கப்பட்டது. அதில் குளோரின் கலந்த நீர். பிறகு செலவைக் குறைக்க, விலை மலிவான குளோரின் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தார்கள். கிணற்றில் போடுகிறோமே பிளீச்சிங் பவுடர், அதுதான்.

பிண வாடை போக்க எது வல்லதோ, அதுவே பிண விஷத்தையும் போக்கும் என்பது அவர் எண்ணம். கிருமி என்ற ஒன்று நோயைத் தருகிறது என்று அப்போது நிரூபணம் ஆகவில்லை. அவர் கிருமியைப் பார்க்காமலேயே அதைக் கொல்லும் மருந்தைக் கண்டுவிட்டார்!

யாராக இருந்தாலும் வார்டுக்குள் நுழையுமுன் அந்த நீரில் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாணவரும் கழுவ வேண்டும். பேராசிரியரும் கழுவ வேண்டும்.

பலன் என்ன?

ஏப்ரல் மாதத்தில் அந்த வார்டில் 312 பேரில் 57 பேர் இறந்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் 268 பேரில் 6 பேர் இறந்தார்கள். ஜூலையில் 250 பேரில் 3 பேர்தான்!

மறு ஆண்டு, 1848-ல், மார்ச் மாதம் ஒரு தாய் கூட இறக்கவில்லை. ஆகஸ்டு மாதமும் அப்படியே. அந்த ஆண்டு முழுவதும் 3,556 பிரசவங்களில் இறந்தவர்கள் 45 பேர். மருத்துவச்சிகளின் வார்டைவிடக் கூட இது சற்றுக் குறைவு.

ஒரு பாத்திரம், கொஞ்சம் சுண்ணாம்பு, சில நிமிஷங்கள். இவ்வளவுதான் செலவு.

பன்னிரண்டு படுக்கைகள்

நடுவில் ஒரு சோதனை வந்தது. 1847-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் படுக்கையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கருப்பையில் புற்றுநோய். புண்ணிலிருந்து நீர் வடிந்து கொண்டிருந்தது. டாக்டர்கள் அவளை முதலில் சோதித்தார்கள். பிறகு வெறும் சோப்பில் கையை அலம்பிக் கொண்டு, வரிசையாக மற்றவர்களைச் சோதித்தார்கள். மொத்தம் 12 பெண்கள். அவர்களில் 11 பேர் இறந்து போனார்கள்.

இதில் பிணமே சம்பந்தப்படவில்லை. அப்போதுதான் செம்மல்வைஸுக்கு இன்னும் ஒரு பெரிய உண்மை விளங்கியது. உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியிடமிருந்தும் இன்னொரு நோயாளிக்குக் கை வழியாக நோய் போகும். ஆகவே வார்டு வாசலில் ஒரு முறை கழுவினால் போதாது. ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். அப்படியே உத்தரவு போட்டார்.

வரிசையாகப் பலர் படுத்திருக்கும் டயாலிசிஸ் அறையில், ஒருவரைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடக் கூடாது என்று இன்று சொல்கிறோமே, அது இந்தப் பாடம்தான்.

எதிர்ப்பு ஏன்?

இத்தனை தெளிவான கணக்கைக் கண்டதும் எல்லோரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி ஆகிய மூன்று பெரிய டாக்டர்கள் அவரை ஆதரித்தார்கள். ஹெப்ரா பத்திரிகையில் எழுதினார். ஆனால் மேலதிகாரி கிளைனுக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் பல காரணங்கள் உண்டு. ஒரே காரணத்தைச் சொல்லும் இந்தப் பையன் யார் என்று பலர் கேட்டார்கள்.

அவர்கள் மனத்தின் அடியில் இருந்த காரணம் வேறு. அவர் சொல்வதை ஒப்புக் கொண்டால், இத்தனை காலமும் தாய்மார்களைக் கொன்றது நாங்கள்தான் என்று ஒப்புக் கொள்ள வேண்டும். மரியாதைக்குரிய டாக்டரின் கை அழுக்கு என்று ஒப்புக் கொள்ள வேண்டும். அது முடியுமா?

ஒப்புக் கொண்ட ஒருவரின் கதையும் உண்டு. ஜெர்மனியில் கீல் நகரப் பிரசவ டாக்டர் மிகாயலிஸ் இந்தச் செய்தியைப் படித்தார். கை கழுவும் முறையைக் கொண்டு வந்தார். சாவு குறைவதைக் கண்டார். ஆனால் அதற்குச் சிறிது காலம் முன்பு அவர் பிரசவம் பார்த்த அவருடைய உறவுப் பெண் ஒருத்தி இதே ஜுரத்தில் இறந்திருந்தாள். தம் கைதான் அவளைக் கொன்றது என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1848-ல் ரயில் முன்னால் விழுந்து உயிரை மாய்த்துக் கொண்டார்.

செம்மல்வைஸ் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அவர் பேனாவைத் தொடவே தயங்கினார். தாம் கண்டதை உடனே விளக்கமாக எழுதி உலகத்துக்குக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் அரைகுறையாகக் கேட்டு, தவறாகப் புரிந்து கொண்டார்கள். எழுதாமல் இருந்த அந்த ஆண்டுகளுக்கு அவர் பெரிய விலை கொடுத்தார்.

1849-ம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய பதவிக் காலம் முடிந்தது. கிளைன் அதை நீடிக்கவில்லை. 1850-ல் மீண்டும் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. ஆனால் பொம்மையை வைத்துத்தான் நடத்த வேண்டும் என்று நிபந்தனை! அவமானம் தாங்காமல் ஐந்தே நாளில் வியன்னாவை விட்டுக் கிளம்பினார். தம்மை ஆதரித்த நண்பர்களிடம் கூடச் சொல்லிக் கொள்ளவில்லை.

பிறந்த மண்ணில்

ஹங்கேரி திரும்பினார். 1851-ல் பெஸ்ட் நகரில் புனித ரோக் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை ஏற்றுக் கொண்டார். கௌரவப் பதவிதான். அங்கேயும் கை கழுவும் விதியைக் கொண்டு வந்தார். 1851 முதல் 1855 வரை நடந்த 933 பிரசவங்களில் பிரசவ ஜுரத்தால் இறந்தவர்கள் 8 பேர்தான்.

1855-ல் பெஸ்ட் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். கையோடு நிற்காமல், கருவிகளையும் படுக்கை விரிப்புகளையும் கூடச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று போராடினார். 1857-ல் மரியா என்ற பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. அவற்றில் இரண்டு சிறு வயதிலேயே இறந்து விட்டன. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்திலுள்ள ஜூரிச் நகரம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சொந்த நாட்டை விட்டுப் போக மனமில்லாமல் மறுத்துவிட்டார்.

கடைசியில் பேனாவை எடுத்தார். 1861-ம் ஆண்டு என்று அச்சிட்டு, பிரசவ ஜுரத்தின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிய பெரிய நூல் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து! ஆனால் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. புகழின் உச்சியில் இருந்த ஜெர்மானிய மருத்துவ மேதை ஃபிர்ஷோவும் எதிர்த்தார்.

செம்மல்வைஸின் பொறுமை அறுந்தது. எதிர்த்தவர்களின் பெயரைச் சொல்லியே பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். நீங்கள் கொலைகாரர்கள் என்று கடுமையாகத் தாக்கினார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் திட்டு வாங்கிய காது உண்மையைக் கேட்குமா? எதிரிகள் மேலும் விலகினார்கள்.

கடைசி இரண்டு வாரம்

1865-ல் அவர் நடத்தை மாறத் தொடங்கியது. மறதி, கோபம், தடுமாற்றம். எது பேசினாலும் பேச்சு பிரசவ ஜுரத்துக்கே திரும்பியது. குடும்பத்தார் கவலைப்பட்டார்கள்.

ஜூலை மாதக் கடைசியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துப் போனார்கள். பழைய நண்பர் ஹெப்ரா வந்து வரவேற்றார். தம்முடைய புதிய ஆஸ்பத்திரியைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. உள்ளே போன பிறகுதான் செம்மல்வைஸுக்கு விஷயம் புரிந்தது. வெளியே ஓட முயன்றார். காவலாளிகள் பிடித்துக் கொண்டார்கள், பலமாக அடித்தார்கள், கையை அசைக்க முடியாதபடி கட்டும் சட்டையை மாட்டி, இருட்டறையில் அடைத்தார்கள்.

அவர் கையில் ஒரு காயம். அது அழுகியது. விஷம் ரத்தத்தில் கலந்தது. ஆகஸ்டு 13-ந் தேதி அவர் இறந்தார். வயது 47.

கொலெட்ச்காவைக் கொன்ற அதே முறை. தாய்மார்களைக் கொன்ற அதே விஷம்.

மிகச் சிலரே அவர் அடக்கத்துக்கு வந்தார்கள். கை கழுவச் சொன்னவரை உலகம் கை கழுவி விட்டது.

ஒரு நாள் முன்னதாக

இன்னொரு செய்தி. அவர் இறப்பதற்கு முதல் நாள், ஆகஸ்டு 12-ந் தேதி, ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் ஒடிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். புண் சீழ் பிடிக்கவில்லை, சிறுவன் பிழைத்தான். கிருமி வராமல் தடுக்கும் அறுவை வைத்தியம் அங்கே பிறந்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கியது போல் இருக்கிறதல்லவா?

1879-ல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், பிரசவ ஜுரத்தை உண்டாக்கும் கிருமியைக் கண்டு சொன்னார். அது மணி கோத்தாற்போல் வரிசையாக இருக்கும் கிருமி. செம்மல்வைஸ் கண்ணால் காணாமல் கணக்கால் கண்டது இதைத்தான்.

1891-ல் அவர் எலும்புகளை வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்குக் கொண்டு போனார்கள். இன்று அவர் பிறந்த வீட்டிலேயே உறங்குகிறார். அந்த வீடு மருத்துவ வரலாற்றுப் பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. அவர் பாடம் நடத்திய மருத்துவக் கல்வி நிலையத்துக்கு 1969-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

இன்று நம் வீட்டில்

அவர் காலத்தில் டயாலிசிஸ் இயந்திரம் கிடையாது. ஹாலந்து நாட்டு டாக்டர் கொல்ஃப் 1943-ல்தான் தாம் செய்த இயந்திரத்தை மனிதருக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தில் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

கழுத்துக் குழாய் வைத்திருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றைத் தெரிந்து வையுங்கள்.

குழாய்க் கட்டு நனையக் கூடாது. ஈரமானாலோ அவிழ்ந்தாலோ ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொள்ள வேண்டும். குழாயின் மூடியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. வேறு ஊசி போடவோ, ரத்தம் எடுக்கவோ அந்தக் குழாயைப் பயன்படுத்த விடக் கூடாது. அது டயாலிசிஸுக்கு மட்டும்.

ஜுரமோ, குளிர் நடுக்கமோ வந்தால் வீட்டு மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. முக்கியமாக, டயாலிசிஸ் நடக்கும்போதோ முடிந்த பிறகோ நடுக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். குழாய் வைத்த இடம் சிவந்தாலும், வலித்தாலும், சீழ் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். டாக்டர் முதலில் ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்புவார். பிறகு கிருமி மருந்தை ஆரம்பிப்பார். பல சமயங்களில் குழாயை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியிருக்கும். ஜுரம் விட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி மீண்டும் கிளம்பும்.

குழாயை விடப் பத்திரமானது கையில் செய்யும் பிஸ்டுலா. கையிலுள்ள இரண்டு ரத்த நாளங்களைச் சிறு ஆபரேஷன் செய்து இணைப்பார்கள். தோல் என்ற சுவர் மூடியே இருப்பதால் கிருமிக்குக் கதவு இல்லை. அது பழுக்க வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ ஆகும். ஆகவே பிஸ்டுலா நம் நோயாளிக்கு முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது.

இன்னொன்று. குழாயைத் தொட வருகிறவரிடம், கை கழுவியாயிற்றா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பணிவாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக் கொள்ள மாட்டார். வியன்னாவில் மண்டியிட்டுக் கெஞ்சிய பெண்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. நமக்குத் தெரியும். அதைத் தெரியப்படுத்தியவர்தான் இருட்டறையில் இறந்தார்.